ஆற்றில் எதையும் மிதக்கவிடாமல் அதன் வேகத்தை அளப்பது

ஓடுகிற தண்ணீரின் வேகத்தைத் தெரிந்துகொள்ள ஒரு இலை போதும். வாய்க்கால் கரையில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு குச்சிகளை நடுங்கள். மேல் குச்சிக்கு நேராக இலையைப் போட்டுவிட்டு, அது கீழ்க் குச்சியைத் தாண்ட எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். இருபது வினாடி ஆனால், தண்ணீர் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. மிதவை முறை என்பது இவ்வளவுதான். இலையை விட ஆரஞ்சுப் பழம் நல்லது. பெரும்பகுதி முங்கியே மிதப்பதால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகாது.

இப்போது வாய்க்காலை விட்டுவிட்டு அலாஸ்காவில் ஓடும் ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சாலை கிடையாது, பாலம் கிடையாது. பனி உருகும் காலத்தில் வேரோடு பிடுங்கிய மரங்கள் மிதந்து வரும். படகில் இறங்கி அளக்கப் போகிறவருக்கு உயிர் கையில் இல்லை. மேலே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டே அந்த ஆற்றின் வேகத்தைச் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது?

ஆரஞ்சுப் பழங்களை மேலிருந்து கொட்டலாமே என்று தோன்றும். சிரிக்க வேண்டாம், கிட்டத்தட்ட அதையே செய்தும் இருக்கிறார்கள். ஸ்டார்ச்சில் செய்த, மண்ணோடு மக்கிவிடும் நுரைத் துண்டுகளைத் தண்ணீரில் தூவி, அவை மிதந்து போவதை வீடியோ எடுத்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்குப் போடுவார்கள். சின்ன ஆற்றுக்கு இது சரி. முந்நூறு மீட்டர் அகல ஆற்றில், கரைக்குக் கரை, எத்தனை மூட்டை தூவுவது?

தூவாமலே மிதப்பவையும் உண்டு: நுரை, சருகு, குமிழி. அவை இருந்தால் சாதாரண கேமராவே போதும். சிக்கல் வருவது தெளிந்த, அமைதியான, சுத்தமான ஆற்றில்தான். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கண்ணாடி விரித்த மாதிரி இருக்கும். ஓடுகிறது என்று தெரியும், எதை வைத்து அளப்பது என்றுதான் தெரியாது. கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத இந்த இடத்தில்தான் தெர்மல் கேமரா உள்ளே வருகிறது.

தண்ணீர் மேல் இருக்கும் திட்டுகள்

தெர்மல் கேமரா ஒளியைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. எந்தப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷெல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டரும் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைப் பிடித்து, சூடான இடத்தை வெள்ளையாகவும் குளிர்ந்த இடத்தைக் கறுப்பாகவும் காட்டுவதுதான் இந்தக் கேமராவின் வேலை.

சரி, ஓடுகிற ஆற்றில் தண்ணீரெல்லாம் கலந்து ஒரே சூட்டில்தானே இருக்கும்? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போனில் செருகுகிற சின்ன தெர்மல் கேமராக்கள் இப்போது கிடைக்கின்றன. ஒரு அகலமான பேசினில் வெந்நீர் ஊற்றி, அதன் மேல் கேமராவைப் பிடியுங்கள். கண்ணுக்கு வெறும் தண்ணீர். திரையில் பார்த்தால் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள் மாதிரி, வெளுத்த திட்டுகளும் அவற்றுக்கு நடுவே கறுத்த வரிகளுமாக மேற்பரப்பு முழுவதும் நெளிந்துகொண்டிருக்கும். விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். கொஞ்ச நேரத்தில் அதுவும் கறுத்து மங்கும்.

என்ன நடக்கிறது என்றால், தண்ணீரின் மேற்பரப்பு இடைவிடாமல் ஆவியாகி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறிய அந்த அடுக்கு மிக மெல்லியது. பாலில் ஆடை படிவதைப் போல என்று சொல்லலாம், ஆனால் இது தனிப் பொருள் அல்ல, அதே தண்ணீர்தான், அடியில் இருப்பதை விடப் பத்தில் ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்த தண்ணீர். விரலால் இழுத்தபோது அந்த அடுக்கு கிழிந்து கீழே இருந்த சூடு தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆற்றில் அந்த விரலின் வேலையை ஆறே செய்கிறது. அடியில் கல்லிலும் மணலிலும் உரசிக்கொண்டு ஓடும் தண்ணீர் சுழன்று சுழன்று மேலே கிளம்பும். பெரிய ஆற்றின் கரையில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள்: எந்தக் காரணமும் இல்லாமல் ஓர் இடத்தில் தண்ணீர் கீழிருந்து பொங்கி வந்து, வட்டமாகப் பரந்து, கலைந்து போகும். அந்தக் கொப்பளிப்பு ஒவ்வொன்றும் அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்து, ஆறிய மேலடுக்கைக் கிழித்துவிடுகிறது. தெர்மல் படத்தில் அது ஒரு வெளுத்த திட்டு. சில வினாடிகளில் அதுவும் ஆறி மங்கும், அதற்குள் இன்னொன்று கிளம்பியிருக்கும். இந்தத் திட்டுகள் பிறந்து மறைவதற்கு இடையில் நீரோட்டம் அவற்றை இழுத்துக்கொண்டே போகிறது. ஆரஞ்சுப் பழம் போட வேண்டாம், ஆறு தானே போட்டுக்கொள்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தெர்மல் கேமராவால் தண்ணீருக்குள் பார்க்கவே முடியாது. அந்த அலைநீளத்தில் தண்ணீர் ஒரு சுவர். கேமராவுக்கு வந்து சேரும் கதிர், மேற்பரப்பில் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அடுக்கிலிருந்து கிளம்பியது. ‘அடியில் என்ன இருக்கிறது என்று தெர்மலில் பார்த்துவிடலாமே’ என்று ஒருவர் கேட்டால், முடியாது என்பதுதான் பதில். அந்த மேல்தோல் எப்படி நகர்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும்.

வித்தியாசம் பத்தில் ஒன்றிரண்டு டிகிரி என்றேன். பல நேரம் அதைவிடவும் குறைவாக இருக்கும். விலை குறைந்த, குளிரூட்டாத கேமராக்களால் சுமார் 0.05 டிகிரி வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். சென்சாரை மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே குளிர்வித்து வைத்திருக்கும் கேமராக்கள் 0.02 டிகிரி வரை போகும். சாதகமான நாளில் முதல் வகையே சமாளிக்கும். மற்ற நாட்களில் இரண்டாவது வகை வேண்டும். அதன் விலையும் எடையும் அதற்கேற்ப இருக்கும்.

தெர்மல் கேமரா ஆற்றுக்கு வந்தது வேகத்துக்காக அல்ல என்பது ஒரு கிளைக்கதை. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், கோடைக்காலத்தில் சால்மன் மீன்கள் எந்தக் குளிர்ந்த நீர்த்திட்டுகளில் ஒதுங்குகின்றன என்று அறிய 1990-களில் ஹெலிகாப்டரில் இந்தக் கேமராவை ஏற்றி ஆற்றின் மேல் பறந்தார்கள். அவர்களுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் போதும். எங்கே குளிர்ச்சி என்று தெரிந்தால் போதுமே. வேகம் வேண்டுமென்றால் ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பல படங்கள் எடுக்க வேண்டும்.

சேலைக்கு ஜாக்கெட் துணி எடுப்பது மாதிரி

படங்கள் கைக்கு வந்துவிட்டன. ஒரு திட்டு இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேட்சிங் சென்டரில் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். சேலையின் ஒரு முனையை எடுத்து, அடுக்கி வைத்த துணிகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்ப்பார்கள். எது மிக நன்றாகப் பொருந்துகிறதோ அதை வெட்டச் சொல்வார்கள். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. முதல் படத்திலிருந்து ஒரு சதுரத்தை, உதாரணமாக 64-க்கு 64 பிக்சலை, வெட்டி எடுக்கிறது. இரண்டாவது படத்தில் அதே இடத்துக்கு அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி வைத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுகிறது. அதிக மதிப்பெண் எங்கே விழுகிறதோ, திட்டுகள் அங்கே போயிருக்கின்றன. போன தூரத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம். அடுத்த சதுரம், அதற்கடுத்த சதுரம் என்று ஆறு முழுக்கச் செய்தால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அம்புக்குறிகளால் ஆன ஒரு வரைபடம் கிடைக்கும். கரையோரம் குட்டி அம்புகள், நடுவில் நீண்ட அம்புகள், பாறைக்குப் பின்னால் திரும்பி மேல்நோக்கிப் பார்க்கும் அம்புகள்.

இந்த முறைக்குப் பெயர் பார்ட்டிகிள் இமேஜ் வெலாசிமெட்ரி, சுருக்கமாக பிஐவி. பிறந்தது ஆய்வுக்கூடத்தில். தண்ணீரில் துகள் கலந்து லேசர் ஒளியில் படம் எடுப்பார்கள். அதை ஆறு அளவுக்குப் பெரிதாக்கியதில் ஜப்பானியரான இச்சிரோ ஃபுஜிதாவும் கூட்டாளிகளும் 1998-இல் எழுதிய கட்டுரை ஒரு முக்கியமான படி. அவர்கள் வேலை செய்தது சாதாரண வீடியோவில். தெர்மலுக்கு மாறியபோது துகளின் இடத்தில் சூட்டுத் திட்டு வந்தது, கணக்கு அதேதான்.

கொஞ்சம் எண்கள் போட்டுப் பார்த்தால் விஷயம் கைக்குள் வரும். 640-க்கு 512 பிக்சல் உள்ள ஒரு தெர்மல் கேமரா, 25 மில்லிமீட்டர் லென்ஸ், ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் நேர்கீழே பார்த்தபடி நிற்கிறது. சென்சாரில் ஒரு பிக்சல் 17 மைக்ரான் என்றால், ஆற்றில் அது சுமார் 7 சென்டிமீட்டர். படத்துக்குள் 44 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு ஆறு அடங்கும். தண்ணீர் வினாடிக்கு 1.2 மீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். கேமரா வினாடிக்கு 30 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே தண்ணீர் 4 சென்டிமீட்டர்தான் நகரும், பாதி பிக்சலைச் சற்றே தாண்டும். அதை நம்பி அளக்க முடியாது. பதினைந்து படம் தள்ளி, அரை வினாடி இடைவெளியில் இருப்பதை எடுத்தால் 60 சென்டிமீட்டர், ஏறக்குறைய 9 பிக்சல். இது வசதியான தூரம்.

அப்படியென்றால் இன்னும் தள்ளி, ஐந்து வினாடி இடைவெளியில் எடுத்தால் இன்னும் நன்றாக அளக்கலாமே? கூடாது. அதற்குள் திட்டின் முகம் மாறிவிடும். கல்யாணப் பந்தியில் ஒருவரைப் பார்த்துவிட்டு அடுத்த பந்தியில் தேடினால் ஆளே வேறாக இருப்பார் இல்லையா, அந்த மாதிரி. மிகக் குறைந்த இடைவெளியில் நகர்வு தெரியாது, அதிக இடைவெளியில் அடையாளம் தெரியாது. நடுவே எங்கோ ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. ஆற்றுக்கு ஆறு, வேகத்துக்கு வேகம் அது மாறும். இந்த வேலையில் அனுபவம் என்பது பெரும்பாலும் இதைச் சரியாகப் பிடிப்பதுதான். ஒரே ஒரு ஜோடிப் படத்தை யாரும் நம்புவதுமில்லை. ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட ஜோடிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள்.

ஆடுவது ஆறா, ட்ரோனா?

பாலத்தின் மேல் கேமராவைக் கட்டிவைத்தால் தலைவலி குறைவு. வானத்தில் ஏறியதும் ஒரு புதுத் தொல்லை சேர்ந்துகொள்கிறது.

100 மீட்டர் உயரத்தில் நிற்கும் ட்ரோன் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், படத்தில் தரை 1.75 மீட்டர் நகர்ந்துவிடும். நாம் அளக்க நினைக்கும் தண்ணீர் அரை வினாடியில் நகர்வது 60 சென்டிமீட்டர்தான். அதாவது ட்ரோன் லேசாகத் தலையசைத்தாலே ஆறு மூன்று மடங்கு வேகத்தில் பாய்ந்த மாதிரியோ, மலையேறிப் போன மாதிரியோ தெரியும்.

இதற்கு மருந்து கரைதான். கரை நகராது. ஒவ்வொரு படத்திலும் கரையில் உள்ள பாறை, மரம், மணல்மேட்டின் விளிம்பு ஆகியவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டால், மிச்சம் நகர்வது தண்ணீர் மட்டுமே. கூடவே, படத்தில் ஒரு பிக்சல் உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் என்று உறுதிப்படுத்த, கரையில் சில குறிகளை வைத்து அவற்றின் இடத்தை ஜிபிஎஸ் வைத்து அளந்துகொள்வார்கள். தெர்மல் கேமராவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த பலகை ஒன்றுமே இல்லை. அதற்குத் தெரிவது அலுமினியத் தாள். பார்சல் சாப்பாடு கட்டித் தருகிறார்களே, அதே தாள்தான். பளபளக்கும் உலோகம் தன் சூட்டை அதிகம் வெளிவிடாமல் மேலே உள்ள வானத்தைப் பிரதிபலிக்கும். தெளிந்த வானம் அகச்சிவப்பில் கடும் குளிர். ஆகவே வெயிலில் கிடக்கும் தாள்கூடப் படத்தில் கரிக்கட்டை மாதிரி கறுப்பாக விழும், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

அகன்ற ஆற்றின் நடுவில் இரண்டு கரையும் படத்துக்குள் வராவிட்டால், ட்ரோனிலோ விமானத்திலோ உள்ள ஜிபிஎஸ், சாய்வுமானி போன்றவற்றைத்தான் நம்ப வேண்டும். விமானம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அதன் தனிக் கஷ்டம். ஒரு படத்துக்குள் 400 மீட்டர் ஆறு அடங்குகிறது, விமானம் வினாடிக்கு 60 மீட்டர் பறக்கிறது என்றால், ஆற்றின் எந்த ஓர் இடமும் ஏழு வினாடிக்கும் குறைவாகத்தான் கண்ணில் இருக்கும். அதற்குள் பொருத்தத்தில் அரை மீட்டர் பிசகினால், வேகத்தில் வினாடிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் பிழை ஏறிவிடும். இருந்தாலும், ட்ரோன் நாள் முழுக்க அலைந்து முடிக்கிற நீளத்தை விமானம் சில நிமிடங்களில் முடித்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் நீரோட்ட வரைபடம் வேண்டுமென்றால் அதுதான் வழி.

தோலின் வேகத்திலிருந்து ஆற்றின் அளவுக்கு

மழைக்காலத்தில் ‘மேட்டூர் அணைக்கு வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர்வரத்து’ என்று தினமும் செய்தி வருகிறது. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கிறது. ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு அங்கேதான் பார்க்கப்படுகிறது. இப்படிப்பட்ட எண்களுக்கெல்லாம் அடிப்படை ஒரே பெருக்கல்: அகலம், ஆழம், சராசரி வேகம்.

தினமும் யாரும் இறங்கி இதை அளப்பதில்லை. நீர்மட்டம் இவ்வளவு இருந்தால் இவ்வளவு பாயும் என்று ஒரு வரைகோடு போட்டு வைத்திருப்பார்கள். மட்டத்தைப் பார்த்து எண்ணைப் படித்துவிடலாம். ஆனால் அந்தக் கோட்டைப் போடவும், ஆறு மணலை அரித்துப் படுகையை மாற்றிய பிறகு திருத்தவும், யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இந்த வேலையை 1889-இல் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றின் எம்புடோ என்ற இடத்தில் தொடங்கியது. இன்றுவரை மரபான முறை அதிகம் மாறவில்லை. சின்னக் கிண்ணங்கள் சுழலும் கரண்ட் மீட்டரை ஆற்றின் குறுக்கே இருபது இருபத்தைந்து இடங்களில் இறக்குவார்கள். மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஓடும் வேகம்தான் சராசரிக்கு ஏறக்குறைய சமம் என்பதால் அங்கே அளப்பார்கள். ஆழம் அதிகமென்றால் பத்தில் இரண்டிலும் எட்டிலும் அளந்து சராசரி எடுப்பார்கள். இப்போது படகில் வைத்து இழுக்கும் ஒலியலைக் கருவிகளும் வந்துவிட்டன. எதுவானாலும் தண்ணீரைத் தொட வேண்டும்.

தெர்மல் படம் கொடுப்பது மேல்தோலின் வேகம். அடியில் தண்ணீர் தரையோடு உரசுவதால் அங்கே மெதுவாக ஓடும், மேலே வேகமாக ஓடும். எனவே மேல் வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் கிடைக்கும் என்பது ஒரு வாடிக்கையான கணக்கு. அகலம் 30 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர், மேல் வேகம் வினாடிக்கு 1.1 மீட்டர் என்றால், சராசரி வேகம் 0.935. பாயும் அளவு வினாடிக்கு சுமார் 33.7 கன மீட்டர், நம் கணக்கில் 1,190 கன அடி. இந்த 0.85 சொல்லிவைத்த மாதிரி எல்லா ஆற்றிலும் இருப்பதில்லை. பெரிய கற்கள் நிறைந்த ஆழமற்ற ஆற்றில் ஒன்று, மணல் படுகையில் ஒன்று. முடிந்தால் அந்த இடத்திலேயே ஒருமுறை அளந்து சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கார்ல் லெக்லைட்டரும் பால் கின்செலும் கூட்டாளிகளும் இந்த முறையைப் படிப்படியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அலாஸ்காவில் ஐந்து ஆறுகளில், பாலத்தின் மேலிருந்து எடுத்த தெர்மல் படங்களை வைத்து 2017-இல் முதல் கட்டுரை வந்தது. அடுத்தது 2019-இல், கொலராடோ மாநிலத்தின் ப்ளூ ரிவரில். வடக்கே ஓடி, கிரெம்லிங் ஊருக்குப் பக்கத்தில் கொலராடோ ஆற்றில் கலக்கிற ஆறு அது. அவர்கள் படம் எடுத்த அன்று அதில் நுரையும் இல்லை, குமிழியும் இல்லை, குப்பையும் இல்லை. சாதாரண கேமராவில் பின்தொடர ஒன்றுமே கிடையாது. தெர்மல் கேமராவில் திட்டுகள் ஓடின.

அங்கே இரண்டு ட்ரோன்களைப் பறக்கவிட்டார்கள். காரணம் விஞ்ஞானம் இல்லை, எடை. ஒரு ட்ரோன் தெர்மல் கேமராவைத் தூக்கிக்கொண்டது. ஆழத்தை அளக்கும் லேசர் கருவியை அதனால் கூடவே சுமக்க முடியாது என்பதால் அதற்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்து, யாரும் தண்ணீரில் கால் வைக்காமல் ஆற்றில் எவ்வளவு பாய்கிறது என்று கணக்கிட்டு, பிறகு இறங்கி அளந்ததோடு ஒப்பிட்டார்கள். ஒரு குறுக்குக் கோட்டில் ட்ரோன் கணக்கு 22 சதவீதம் அதிகம். இன்னொன்றில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. இரண்டாவது எண்ணைப் பார்த்து உடனே கைதட்டிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் தப்பினால் மொத்தத்தில் சரியாக வந்துவிடும், பலசரக்குக் கடைக் கணக்கு மாதிரி. எங்கே எவ்வளவு தப்பியது என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தால்தான் முறையின் தரம் தெரியும். அப்படிப் பார்த்ததில் அவர்களுக்கு, ஆழம் குறைந்த குறுக்குக் கோட்டில் லேசர் சொன்ன ஆழம் நன்றாகப் பொருந்தியது, ஆழம் அதிகமான கோட்டில் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை.

எப்போது பறப்பது, எப்போது சும்மா இருப்பது

காற்று பெரிய எதிரி. வீசும் காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்தை அது தண்ணீரின் மேல்தோலுக்குக் கொடுத்துவிடும். வினாடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் வினாடிக்கு 15 சென்டிமீட்டர். வேகமான ஆற்றில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 30 சென்டிமீட்டர் மட்டும் நகரும் சோம்பேறி ஆற்றில் பாதிக் கணக்கு போய்விடும். தெர்மல் பார்ப்பதே மேல்தோலை மட்டும் என்பதால், இதற்குத் தப்ப வழியும் இல்லை.

கேமரா நேர்கீழே பார்ப்பது நல்லது. நேராகப் பார்த்தால் தண்ணீர் தன் கதிரைத்தான் பெரும்பாலும் அனுப்பும். சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கண்ணாடியாக மாறி மேகத்தைக் காட்டும், மேகம் ஆற்றோடு ஓடாது.

நேரம் என்று பார்த்தால், இரவும் விடிகாலையும் தோதானவை. தண்ணீரை விடக் காற்று குளிர்ந்திருக்கும், மேலடுக்கு நன்றாக ஆறும், திட்டுகள் எடுப்பாகத் தெரியும், சூரியனின் பளபளப்பும் இல்லை. சாதாரண கேமரா கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில் இது நன்றாக விழித்துக்கொள்கிறது. வெள்ளம் பாதி நாள் இரவில்தானே வருகிறது! ஆனால் மூடுபனி விழுந்தால் ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் மேல்தோல் முழுக்கப் புள்ளி விழுந்து கெட்டுவிடும். காற்றும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருந்து, புழுக்கமும் சேர்ந்து, ஆவியாவதே நின்றுபோகிற நாட்களில் படம் முழுவதும் சாம்பல் நிறத் தட்டையாக இருக்கும். அன்று மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லா ஆற்றுக்கும் தெர்மல் வேண்டும் என்பதும் இல்லை. அலாஸ்காவின் டனானா ஆறு பனிப்பாறைகள் அரைத்த நுண்மண்ணைச் சுமந்து கலங்கி ஓடுகிறது. அங்கே அடியிலிருந்து கிளம்பும் கொப்பளிப்புகள் சேற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதால் வெறும் கண்ணுக்கே தெரியும். அதே குழு 2020-இல் அந்த ஆற்றில் ஹெலிகாப்டரிலிருந்து சாதாரணப் படங்களை எடுத்தே வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டியது. கலங்கிய ஆற்றுக்கு விலை உயர்ந்த தெர்மல் கேமராவைக் கொண்டுபோவது வீண் செலவு.

வேகம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. முரண்டு பிடிப்பது ஆழம். தெளிந்த ஆற்றில் பச்சை லேசர் அடிவரை போய்த் திரும்பும், அல்லது தண்ணீரின் நிறத்தை வைத்தே ஆழத்தை மதிப்பிடலாம். கலங்கிய ஆற்றில் இரண்டும் நடக்காது. அதற்கு 2017 கட்டுரையில் ஒரு யோசனையைப் பார்த்திருந்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆழமான இடத்தில் கிளம்பும் சுழல்கள் பெரியவை, ஆழமற்ற இடத்தில் சிறியவை. அப்படியானால் தெர்மல் படத்தில் தெரியும் திட்டுகளின் அளவை வைத்தே அடியின் ஆழத்தை ஊகிக்க முடியுமா? ஓரளவு முடிந்தது. ஆழத்தை நேராக அளந்தோ நீரின் நிறத்திலிருந்தோ எடுத்துக்கொண்டு, வேகத்தை மட்டும் தெர்மலில் எடுத்தபோது, பாயும் அளவு உண்மைக்கு 15 சதவீதத்துக்குள் வந்தது. ஆழத்தையும் திட்டுகளிடமே கேட்டபோது பிழை 40 சதவீதம் வரை போனது.

பிலிகுண்டுலுவில் அப்படி ஓர் எண்ணைக் கொடுத்தால் இரண்டு மாநிலமும் சேர்ந்து சண்டைக்கு வரும். பாலமே இல்லாத அலாஸ்கா ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போது, அதே எண்ணை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.